20 ரோமக் காசுகள், 5 மாத ஊறல்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு 11-ஆம் எண் காசில் ஓநாய் தெரிந்தது. முதலில் வயிறு, அப்புறம் முன்னங்கால், கடைசியாகத் தலை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்டோபரில் வாங்கியபோது அது மண் அப்பிய ஒரு பச்சை வில்லை. குறுக்களவு 17 மில்லிமீட்டர், மண்ணோடு சேர்த்து எடை 2.9 கிராம். தலை எந்தப் பக்கம், பூ எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. இப்போது அதில் ஒரு பெண் ஓநாய் கழுத்தைத் திருப்பி, தன் மடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேலே இரண்டு நட்சத்திரங்கள். எடை 2.4 கிராம்.

இந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தேன், எதைக் கெடுத்தேன், எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். இங்கே உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களுக்கு ரோமக் காசு கிடைப்பது அபூர்வம் இல்லை. சுமார் 400 ஆண்டுகள் இது ரோமானிய மாகாணமாக இருந்தது. 3, 4-ஆம் நூற்றாண்டுகளின் சில்லறைக் காசு மண்ணில் நிறையச் சிந்திக் கிடக்கிறது. 2010-இல் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. கிடைப்பதைப் பதிவு செய்வதற்கென்றே 1997 முதல் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற ஏற்பாடு நடக்கிறது. தேய்ந்துபோன சில்லறை பெரும்பாலும் பதிவு முடிந்து, கண்டெடுத்தவர் கைக்கே திரும்பிவிடும். அப்படிப் பதிவான, துலக்காத 20 காசுகளைத்தான் 34 பவுண்டு கொடுத்து வாங்கினேன். எங்கே கிடைத்தது, யார் பதிந்தார் என்ற விவரம் இல்லாத பொட்டலம் பாதி விலைக்கும் கிடைத்தது. வாங்கவில்லை. மண்ணிலிருந்து திருட்டுத்தனமாக வந்த காசைத் துலக்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் சொந்த ஊர். கரூர். அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசு கிடைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைத்த சின்ன ரோமச் செப்புக் காசுகளில் பெரும்பகுதி 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. என் பொட்டலத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே காலத்துச் சில்லறைதான். ஆனால் ஒன்று. ஊரில் யாருக்காவது இப்படிக் காசு கிடைத்தால் இங்கே நான் எழுதியிருப்பதைச் செய்து பார்க்க வேண்டாம். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். துலக்காமல் அப்படியே கொடுப்பதுதான் காசுக்கும் நல்லது.

வாங்கிய அன்றே செய்த ஒரே உருப்படியான வேலை எண் போட்டது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி 1 முதல் 20 வரை எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடை போட்டேன். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு 9 பவுண்டு, காலிப்பர் 8 பவுண்டு. மொத்த எடை 46.8 கிராம். 1-ஆம் எண் 28 மில்லிமீட்டர், 20-ஆம் எண் வெறும் 10 மில்லிமீட்டர். குண்டுமணியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அவ்வளவுதான் அது.

அன்று இரவே முதல் தப்பு நடந்தது. அம்மாவிடம் போனில் படம் காட்டினேன். "ஏங் கண்ணு, நம்ம பித்தளைக் குடம் மாதிரிதானே இருக்குது? புளியும் உப்பும் போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துருமே" என்றார். குடத்துக்கு அது சரியான வழிதான். எனக்கும் அந்த நேரத்தில் சரியென்றே பட்டது. 3-ஆம் எண்ணை எடுத்துப் புளிக்கரைசலில் 20 நிமிடம் போட்டுத் தேய்த்தேன். பச்சை முழுக்கப் போய், புதுச் செம்புக் கம்பி மாதிரிச் சிவப்பாக வந்தது. பளபளப்புத்தான். ஆனால் படம் இல்லை. அம்மைத் தழும்பு போல முழுக்கக் குழி. தேய்ப்பதற்கு முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாடியும் கழுத்தும் மங்கலாகவாவது தெரிகிறது. துலக்கிய காசில் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1,600, 1,700 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த காசின் மேல்தோல் செம்பாக இருப்பதில்லை. அது களிம்பாக மாறிவிட்டது. அச்சு பதித்த முகம், எழுத்து, ஓநாயின் மயிர் எல்லாம் இப்போது அந்தக் களிம்பில்தான் இருக்கின்றன. களிம்புக்கு வெளியே மண்ணும் மணலும் சேர்ந்த இன்னொரு ஓடு இருக்கும். எடுக்க வேண்டியது அந்த வெளி ஓட்டை மட்டும்தான். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் கரைத்துவிடும். ஐந்து மாத வேலையில் நான் கற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். 3-ஆம் எண்ணை இன்றும் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.

மீதி 19 காசுகளில் 14-ஐக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது, செம்புக்குக் குளோரைடு ஆகாது. 5 லிட்டர் கேன் 5 பவுண்டு, மொத்தம் மூன்று கேன் ஆனது. ஜாம் பாட்டில்களில் பாட்டிலுக்கு மூன்று நான்கு காசு, மூடியில் எண். முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை. முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறம். நாலாவது தடவைக்கு மேல் தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழந்தைகளுக்கான மெல்லிய டூத் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் வட்டமாகத் தேய்த்தேன். இளகிய மண்ணை மூங்கில் குச்சியின் முனையால் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான். இந்த ஐந்து வாரத்தில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பாக்கி ஐந்து காசுகளை ஆலிவ் எண்ணெயில் போட்டேன். பலரும் பரிந்துரைக்கிற பழைய வழி. அதுதான் இரண்டாவது தப்பு. மூன்று வாரத்தில் எண்ணெய் பச்சையாகத் தொடங்கியது. அழுக்குக் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் மூன்று வாரம் விட்டேன். பச்சையானது எண்ணெயில் கரைந்த செம்பினால். எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது. புளியைவிட மெதுவாக அதே வேலையைச் செய்கிறது. ஐந்தில் இரண்டு வழுவழுவென்று ஆகிவிட்டன. மற்ற மூன்றும் பிழைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, மண் ஓடு பசை போல ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கமே போகாமல், அசிட்டோனில் இரண்டு தடவை அலசித்தான் பிசுக்கை எடுத்தேன். அடுத்த முறை எண்ணெய்ப் பாட்டில் சமையலறையை விட்டு வெளியே வராது.

டிசம்பர் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துக் காயவைத்துப் பிரித்தேன். மூன்று காசுகளில் ஒன்றுமே இல்லை. எண்ணெயில் கெட்ட இரண்டும், மண்ணுக்குள் போகும் முன்பே கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன ஒன்றும். ஏழெட்டுக் காசுகளில் உருவத்தின் நிழல் தெரிந்தது. மற்றவற்றின் மேல் மணல் நிறத்தில் கெட்டியான ஓடு அப்படியே இருந்தது. தண்ணீர் அதைத் தொடவே இல்லை.

அதற்குத்தான் ஊசி. மைக்ரோஸ்கோப் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் முதலில் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸோடு முயன்றேன். ஒரு கையில் லென்ஸ், ஒரு கையில் ஊசி, காசைப் பிடிக்கக் கை இல்லை. 7-ஆம் எண்ணில் ஊசி வழுக்கி அரசனின் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை ஒரு கோடு விழுந்தது. களிம்பைத் தாண்டிச் செம்பு வரை போய்விட்டது. இன்றும் சிவப்பாகத் தெரிகிறது. மறுநாளே இரு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பழசாக 65 பவுண்டுக்கு வாங்கினேன். 10 மடங்கும் 20 மடங்கும் போதும். அதற்கு மேல் போனால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

ஊசியைச் சின்னப் பிடி ஒன்றில் மாட்டிக்கொண்டேன். பிடியும் சில தையல் ஊசிகளும் சேர்த்து 7 பவுண்டு. புது ஊசி முனை ரொம்பக் கூர்மை. அதைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து முனையை மழுக்கினால் கீறாது. காசைப் பென்சில் அழிக்கும் பெரிய ரப்பர் ஒன்றில் பள்ளம் வெட்டி அதில் உட்காரவைத்தேன். விளக்கை மேலிருந்து போடாமல் பக்கவாட்டில், காசின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும். அப்போதுதான் அரை மில்லிமீட்டர் மேடுகூட நிழல் விழுந்து தெரியும்.

ஊசியைச் செங்குத்தாகக் குத்தாமல், ஏறக்குறையப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மண் ஓடு கருப்பட்டி உடைவது போலப் பொருபொருவென்று உதிரும். அடியில் களிம்பு வந்ததும் ஊசி வழுக்கும், கண்ணாடி மேல் போவது மாதிரி. அந்த வழுக்கல் விரலுக்குத் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இது கைக்குப் பிடிபட எனக்கு மூன்று காசுகள் ஆயின. முதலில் படமில்லாத வெற்றிடத்தில், விளிம்புப் பக்கம் தொடங்கி, களிம்பின் மட்டம் எது என்று கண்டுபிடித்துக்கொண்டு, அப்புறம் உருவத்தை நோக்கி நகர்வது நல்லது. ஒரு தடவைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் போனால் கண் களைத்து, கை அவசரப்படும். உதிர்ந்த தூளை ஊதாமல் ஈரத்துணியில் துடைத்தெடுக்க வேண்டும். அதை மூச்சில் இழுப்பது நல்லதில்லை. முகமூடி போட்டுக்கொண்டேன்.

ஜனவரி நடுவில் எனக்கு ஒன்று விளங்கியது. எந்தப் படம் வரப்போகிறது என்று தெரிந்தால் வேலை பாதி. இந்தச் சில்லறைக் காசுகளில் படங்கள் கொஞ்சம்தான். ஒரே படத்தைப் பல அக்கசாலைகளில், அதாவது காசு அடிக்கும் பட்டறைகளில், ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். உருவங்கள் நிற்கும் வாகு மாறவே மாறாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குச்சி மனிதர்கள், நடுவில் ஒரு கம்பு என்றால் அது இரண்டு போர்வீரர்கள், நடுவில் படைக்கொடி. 'குளோரியா எக்ஸர்கிடுஸ்', படையின் பெருமை. 330 முதல் 335 வரை நடுவில் இரண்டு கொடி, அதன் பின் காசைச் சிறிதாக்கியபோது ஒரே கொடி. என்னிடம் இருந்த மூன்றில் ஒன்று இரண்டு கொடி, 17.5 மில்லிமீட்டர், 2.3 கிராம். மற்ற இரண்டும் ஒரு கொடி, 15 மில்லிமீட்டர், ஒன்றரை கிராம்தான். எழுத்தே தெரியாவிட்டாலும் கொடியை எண்ணினால் ஆண்டு வந்துவிடுகிறது. கன்னத்தில் கோடு விழுந்த 7-ஆம் எண்ணின் மறுபக்கம் அந்த இரண்டு கொடிக் காசுதான்.

இதற்கு அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டியின் ஓக்ரே தளம் பெரிய உதவி. தெரிந்த நாலு எழுத்தைப் போட்டால் பொருந்துகிற காசுகளின் படம் வரும். அதைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு, கொடியின் உச்சி எங்கே இருக்க வேண்டும், வீரனின் கேடயம் எந்தக் கையில் என்று பார்த்துப் பார்த்து ஊசியை நகர்த்தினேன்.

6-ஆம் எண்ணை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலில் தெரிந்தது நாலு மெல்லிய கோடுகள். குதிரையின் கால்கள் என்று பிறகுதான் புரிந்தது. குதிரை முன்னால் சரிந்துகிடக்கிறது. அதன் மேலிருந்தவன் சரிந்தபடியே ஒரு கையைப் பின்னால் தூக்குகிறான். அவனுக்குப் பின்னால் ரோம வீரன் ஒரு காலை முன்வைத்து ஈட்டியை அவன் மேல் இறக்குகிறான். தரையில் ஒரு கேடயம் கிடக்கிறது. இவ்வளவும் 18 மில்லிமீட்டருக்குள். தூக்கிய அந்தக் கையின் விரல்களைக்கூட அச்சு வெட்டியவன் கோடு கோடாகப் பிரித்திருக்கிறான். சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராடியோ', நல்ல காலம் மீண்டது. ரோம் நிறுவப்பட்ட 1,100-ஆம் ஆண்டை ஒட்டி 348-இல் தொடங்கிய வரிசை இது. என்னுடையது பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் முகத்தோடு இருக்கிறது. இதே வாசகத்தோடு நெருப்பிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையையும் போட்டார்கள். ஆனால் சந்தையில் கைமாறியதில் அதிகம் இந்தக் குதிரைவீரன்தான். விழுகிறவனின் முகம் எனக்குத் தெரியவேண்டும் என்று இரண்டு மாலை செலவழித்தேன். மூக்கு வந்தது. கண் இருந்த இடத்தில் களிம்பே பெயர்ந்திருந்தது. அங்கே நிறுத்தினேன்.

10 மில்லிமீட்டர் உள்ள அந்த 20-ஆம் எண்ணிலும் இதே படம்தான். ஆனால் குதிரைக்கு மூன்று கால், வீரனுக்குத் தலை ஒரு புள்ளி, எழுத்துக்குப் பதில் கோடும் வட்டமும். சில்லறைத் தட்டுப்பாட்டில் பிரிட்டனிலேயே யாரோ அடித்த போலி. 350-களில் இப்படி நிறைய அடித்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத ஒருவர், அசல் காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தையும் ஒரு படமாகவே நினைத்து வெட்டியிருக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தது இந்தக் காசைத்தான்.

5-ஆம் எண்ணில் பீடம் போல ஒன்று, அதன் மேல் உருண்டை, அதற்கும் மேலே மூன்று நட்சத்திரம். 'பெயாட்டா டிராங்குவில்லிட்டாஸ்', இன்ப அமைதி. மறுபக்கம் கிரிஸ்பஸ், பேரரசர் கான்ஸ்டன்டைனின் மூத்த மகன். 326-இல் தந்தையின் உத்தரவால் கொல்லப்பட்டவன். காசின் அடிவிளிம்பில் அக்கசாலைக் குறி இருக்கும் இடத்தை ஊசியால் திறந்தபோது பி, எல், ஓ, என் என்று நாலு எழுத்து வரிசையாக வந்தது. லண்டன்! லண்டனில் அக்கசாலை நடந்தது 325 வாக்கில் மூடும்வரை கொஞ்ச காலம்தான். நான் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் போய்வரும் ஊரில் 1,700 ஆண்டுக்கு முன் அடித்த காசு. அந்தக் குறி இருக்கும் இடத்தில் புளியோ எண்ணெயோ பட்டிருந்தால் முதலில் போவது அதுதான், விளிம்பு எப்போதும் மெல்லியது.

1-ஆம் எண்ணைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. 28 மில்லிமீட்டர் என்றால் 1, 2-ஆம் நூற்றாண்டின் 'ஆஸ்' என்ற ரோமச் செப்புக் காசாக இருக்கலாம். ஊசி வைத்த இரண்டாம் நாள் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதும் பக்கத்தில் கேடயம் இருப்பதும் தெரிந்தது. மனம் துள்ளியது. பாறை மேல் உட்கார்ந்த பிரிட்டானியா, அதாவது பிரிட்டனையே ஒரு பெண்ணாகக் காட்டும் உருவம், பேரரசர் அன்டோனினஸ் பயஸ் 154-ஐ ஒட்டி வெளியிட்ட ஆஸ் காசு, பிரிட்டனில் நிறையக் கிடைக்கும் வகை. மறுபக்கத்தைத் திறந்தேன். ஜி, இ, ஓ, ஆர். ஜார்ஜ். 18-ஆம் நூற்றாண்டின் அரைப் பென்னி. ஆனாலும் வருத்தம் நிலைக்கவில்லை. இந்தப் பிரிட்டானியாவை 1672-இல் இரண்டாம் சார்லஸ் காசில் கொண்டுவந்தபோது மாதிரியாக வைத்தது அந்த ரோமக் காசுப் பெண்ணைத்தான். கேடயமும் உட்கார்ந்த வாகும் அப்படியே.

பாக்கியை வேகமாகச் சொல்கிறேன். 4-ஆம், 18-ஆம் எண்களில் கதிர்முடி அணிந்த தலை. பெரியது 271 முதல் 274 வரை காலியாப் பகுதியை (இன்றைய பிரான்ஸ் பக்கம்) ஆண்ட டெட்ரிகஸ், சின்னது அவன் காசைப் பார்த்து அடித்த போலி. ஒன்றில் எதிரெதிரே மாலை ஏந்திய இரண்டு வெற்றித் தேவதைகள், 347, 348-ஐச் சேர்ந்தது. ஒன்றில் மாலையோடு நடந்துபோகும் ஒற்றை வெற்றித் தேவதை, 'செக்கியூரிட்டாஸ் ரெய்பப்ளிக்கே', நாட்டின் பாதுகாப்பு. முன்பக்கம் பேரரசர் வேலன்ஸ், 378-இல் அட்ரியானோப்பிள் போரில் மாண்டவன்.

14-ஆம் எண்தான் என்னைப் பயமுறுத்தியது. தலைக்கவசம் அணிந்த பெண் ஒரு பக்கம், கப்பல் முகப்பில் ஒரு காலை வைத்து ஈட்டியும் கேடயமுமாக நிற்கும் வெற்றித் தேவதை மறுபக்கம். 330-இல் திறப்பு விழா நடந்த புதுத் தலைநகர் கான்ஸ்டான்டிநோப்பிளுக்காக அடித்தது. நம் ஊரில் பூவா தலையா என்று சுண்டுவோம். ரோமச் சிறுவர்கள் காசைச் சுண்டும்போது 'தலையா கப்பலா' என்று கூவுவார்களாம். பழைய செப்புக் காசுகளில் பின்பக்கம் கப்பல் முகப்பு இருந்ததால் வந்த வழக்கு அது, அந்தக் காசுகள் வழக்கொழிந்த பிறகும் வாயில் நின்றுவிட்டது என்று ரோம எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதியிருக்கிறார். இந்தக் கப்பலைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது. நன்றாகத் துலங்கிய காசு. உறையில் போட்டுவைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தால் தேவதையின் தோளில் வெளிர்ப் பச்சையில் மாவு மாதிரிப் பொடி. துடைத்தேன். நாலு நாளில் திரும்ப வந்தது.

வெண்கல நோய் என்று சொல்கிறார்கள். உள்ளே தங்கிய குளோரைடு, காற்றின் ஈரம் பட்டதும் செம்பைத் தின்னத் தொடங்கும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு நல்லது, தொட்டால் விரலில் ஒட்டுகிற வெளிர்ப்பச்சைப் பொடி கெட்டது. உடனே மற்றக் காசுகளிடமிருந்து பிரித்துவிட்டேன். பொடியை ஊசியால் சுத்தமாக எடுத்து, சலவைச் சோடாவும் ஆப்பச்சோடாவும் சேர்த்து 25 கிராம், 500 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, அதில் மூன்று வாரம் போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றினேன். அப்புறம் வெறும் தண்ணீரில் ஒரு வாரம். பொடி நின்றது. ஆனால் களிம்பின் நிறம் கொஞ்சம் கறுத்துவிட்டது, தேவதையின் இடது தோள் இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு குழி ஒன்று நிரந்தரமாகிவிட்டது. சரியாகக் காயவைக்காமல் உறையில் போட்டது என் தவறு. தண்ணீரிலிருந்து எடுத்ததும் துடைத்து வைத்தால் போதாது. அசிட்டோனில் ஒரு முக்கு முக்கி, அது முழுக்க ஆவியாகிப் போனபின் ஓவனில் 90 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். இதை முதல் காசிலிருந்தே செய்திருந்தால் அந்தத் தோள் பிழைத்திருக்கும்.

இனி 11-ஆம் எண். ஓடு மிகக் கெட்டியாக இருந்ததால் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். மறுபக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமாவின் (ரோம் நகரைப் பெண்ணாகக் காட்டும் தேவதை) தலையும் வி, ஆர், பி, எஸ் என்ற எழுத்துகளும் பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. 'உர்ப்ஸ் ரோமா', ரோம் நகரம். புதுத் தலைநகருக்குக் காசு அடித்த அதே நேரத்தில் பழையதற்கும் அடித்த இணைக்காசு. ஆக, பின்னால் இருப்பது ஓநாயும், ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளும்தான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததால்தான் பயம் அதிகமானது. விளிம்பிலிருந்து தொடங்கி ஒரு மாலைக்கு இரண்டு சதுர மில்லிமீட்டர் வீதம் போனேன். மேலே நட்சத்திரங்கள் வந்தன, எட்டு எட்டுக் கதிர். கீழே டி, ஆர், எஸ். ட்ரியர் நகர அக்கசாலையின் இரண்டாம் பட்டறை. வயிறு வந்தபோது, பிடரியிலிருந்து முதுகு வரை மயிரைச் சின்னச் சின்னக் கொக்கிகளாக வெட்டியிருப்பது தெரிந்தது. குழந்தைகள் இருவரும் கடுகளவு. ஒருவன் இரண்டு கையையும் மேலே தூக்கி மடியைப் பிடித்திருக்கிறான். மற்றவனின் தலைமேல் மட்டும் மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுக்க ஊசியைக் கொண்டுபோனேன். தொட்டவுடன் துகள் அசையவில்லை, அடியில் களிம்பு அசைவது போலிருந்தது. விட்டுவிட்டேன். அந்தத் துகள் அங்கேயே இருக்கிறது.

துலக்கிய காசுகளுக்கெல்லாம் ரெனசான்ஸ் வேக்ஸ் என்ற மெழுகு பூசினேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது, அருங்காட்சியகங்கள் பயன்படுத்துவது. டப்பா 16 பவுண்டு, நூறு காசுக்கு வரும். விரல்நுனியில் துளி எடுத்து மெல்லத் தடவி, பத்து நிமிடம் கழித்துப் பருத்தித் துணியால் துடைத்தால் களிம்பு ஆழமாகித் தெரியும். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி. ஜெல்லின் நிறம் மாறினால் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன்.

கணக்கு: காசு 34, தராசு 9, காலிப்பர் 8, தண்ணீர் 15, மைக்ரோஸ்கோப் 65, ஊசியும் பிடியும் 7, மெழுகு 16, அசிட்டோனும் சோடாக்களும் 9, பெட்டியும் ஜெல்லும் 8. மொத்தம் 171 பவுண்டு. 20 காசில் 12 அடையாளம் தெரிந்தன, ஒன்று அரைப் பென்னி, மூன்று வெற்று வில்லை, ஒன்று புளியில் போனது, மூன்று இன்னும் ஊறுகின்றன. விற்றால் போட்ட பணத்தில் கால்வாசிகூட வராது. விற்கப்போவதும் இல்லை.

அடுத்த பொட்டலம் வாங்கினால் மைக்ரோஸ்கோப் வரும்வரை ஒரு காசையும் தொடமாட்டேன். எண்ணெய் கிடையாது. ஊறல் ஐந்து வாரத்துக்குப் பதில் மூன்று மாதம், ஏனென்றால் நன்றாக ஊறிய ஓடு ஊசிக்கு முன்னமே இளகிவிடுகிறது. ஒவ்வொரு காசும் முடிந்த அன்றே காயவைத்து மெழுகு பூசிவிடுவேன். பத்துக் காசுக்கு மேல் வாங்கவும் மாட்டேன். 20 என்பது ஒருவர் கைக்கு அதிகம், பாதிக்கு மேல் அவசரம் வந்துவிடுகிறது.

இன்னும் மூன்று காசுகள் ஜாம் பாட்டிலில் இருக்கின்றன, 8, 13, 16. 13-இல் நேற்றுத் தண்ணீர் மாற்றும்போது விளிம்பில் ஒரு கணுக்கால் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. கால் வைத்திருக்கும் வாகைப் பார்த்தால் யாரையோ இழுத்துக்கொண்டு நடக்கிறவர் மாதிரி இருக்கிறது. வரும் சனிக்கிழமை தண்ணீர் மாற்ற வேண்டும்.